குழிகளால் ஆன கோட்டை

1930-களின் தொடக்கத்தில், டென்மார்க் நாட்டின் ஸ்லாகெல்சே நகரத்து மோட்டார் சைக்கிள் சங்கத்தார் பந்தயம் விட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு மேற்கே, இரண்டு சிற்றாறுகளுக்கு நடுவில், வட்டமாக ஒரு மண்மேடு. மேட்டுக்கு உள்ளே நல்ல சமதளம். வண்டியைச் சுற்றிச் சுற்றி விரட்ட இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? அதைக் கேட்டார்கள்.

செய்தி டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. மேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதன்மேல் வண்டி ஓட்ட விடக்கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள். போல் நோர்லுண்ட் என்ற தொல்லியலாளரின் தலைமையில் 1934-ல் அகழாய்வு தொடங்கியது. 1940-ல் ஜெர்மன் படை நாட்டையே பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகும் வேலை நடந்து, 1942-ல்தான் முடிந்தது.

அந்த இடத்துக்கு டிரெல்போர்க் என்று பெயர். உள்ளே இருந்தது கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் வைக்கிங் கோட்டை. பக்கத்திலேயே 1995-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2023-ல் யுனெஸ்கோ இந்தக் கோட்டையையும், இதே வட்ட வடிவில் டென்மார்க்கில் இருக்கும் இன்னும் 4 கோட்டைகளையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. இப்போது அங்கே புதிதாக, பெரிதாக ஓர் அருங்காட்சியகம் எழுப்பத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

புது அருங்காட்சியகத்துக்குள் என்ன வைப்பார்கள்? கோடரி, ஈட்டிமுனை, மணிமாலை, பூட்டு, சாவி என்று சில பொருள்கள் உண்டு. ஆனால் டிரெல்போர்க்கில் கிடைத்தவற்றுள் மிக முக்கியமானவற்றை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வைக்க முடியாது. அவை வெறும் குழிகள்!

வைக்கிங்குகள் இந்தக் கோட்டையைக் கல்லால் கட்டவில்லை. மதில் என்பது மரச்சட்டங்களுக்கு நடுவே மண்ணையும் புற்கட்டிகளையும் போட்டு நிரப்பியது. 5 மீட்டர் உயரம். அடியில் 17 மீட்டருக்கு மேல் அகலம். வாசல்கள் மரம், வீடுகள் மரம், தெருவுக்குப் பாவியதும் மரப்பலகை. ஆயிரம் ஆண்டில் மரமெல்லாம் மக்கி மண்ணோடு மண்ணாகிவிட்டது. மேட்டுக்குள்ளே தரையைப் பார்த்தால் புல்தான். அப்படியிருக்க, “உள்ளே 16 வீடுகள் இருந்தன” என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

கல்யாண வீட்டில் பந்தல்கால் நடுவதைப் பார்த்திருப்பீர்கள். குழி தோண்டி, காலை இறக்கி, மண்ணைத் தள்ளிக் கல்லைப் போட்டு இறுக்குவார்கள். விசேஷம் முடிந்ததும் காலைப் பிடுங்கிவிட்டுக் குழியைக் கையில் கிடைத்த மண்ணால் மூடுவார்கள். ஒரு மாதம் கழித்து அங்கே மெல்லச் சுரண்டிப் பாருங்கள். சுற்றியுள்ள மண் ஒரு நிறம், குழிக்குள் இருக்கும் மண் வேறு நிறம். மேல்மண்ணில் இலைதழை மக்கிய சத்து கலந்திருப்பதால் அது கறுப்பாக இருக்கும். ஆழத்து மண் வெளிறி இருக்கும். தோண்டும்போது இந்த இரண்டும் கலந்துவிடுகின்றன. கலந்த மண் தானாக ஒருநாளும் பிரியாது. பந்தல்கால் குழியின் கதைதான் வைக்கிங் வீட்டுத் தூணின் குழிக்கும். அங்கே தூணே மக்கிப்போய் இன்னும் கொஞ்சம் கறுப்பைச் சேர்த்திருக்கிறது.

அகழாய்வு செய்பவர்கள் மேல்மண்ணை நீக்கிவிட்டுத் தரையைச் சிறு கரண்டியால் ஒரே மட்டமாக வழிப்பார்கள். வெளிறிய தரையில் கறுப்பு வட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். அவற்றை அளந்து தாளில் குறித்து முடித்தபோது, நோர்லுண்டின் குழுவுக்கு முன்னால் ஒரு முழுக் கோட்டையின் வரைபடமே விரிந்தது.

அந்த வரைபடம் அசரவைக்கும். மதிலின் உள்வட்டத்துக்குக் குறுக்களவு 136 மீட்டர். நான்கு வாசல்கள். எதிரெதிர் வாசல்களை இணைக்கும் இரண்டு நேர்த் தெருக்கள், வட்டத்தின் மையத்தில் சரியாகக் குறுக்கிடுகின்றன. வட்டம் நான்கு சம பங்காகிவிட்டதா? ஒவ்வொரு பங்கிலும் நடுவே முற்றம் விட்டு, சதுரமாக 4 வீடுகள். ஆக 16. மதிலுக்கு வெளியே இன்னும் 15 வீடுகள். அவற்றில் 13 வீடுகள் கோட்டையின் மையத்தைப் பார்த்தபடி விசிறி மடிப்பாக நிற்கின்றன.

உள்ளே இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நீளம் ஏறத்தாழ 29.4 மீட்டர். இதென்ன கணக்கு, ஒரு வீட்டை 29.4 மீட்டருக்கா கட்டுவார்கள்? மீட்டரை மறந்துவிட்டுப் பழைய ரோமானிய அடியை எடுங்கள். அது 29 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். இப்போது வகுத்துப் பாருங்கள், வீட்டின் நீளம் 100 அடி! வெளியே உள்ள வீடுகளின் நீளம் 26.4 மீட்டர். அதையும் வகுத்தால் 90 அடி. கட்டியவர்கள் கையில் ஓர் அளவுகோல் இருந்திருக்கிறது, அவர்கள் முழு எண்ணில்தான் யோசித்திருக்கிறார்கள். வட்டம் போட முளையும் கயிறும் போதும். உங்கள் பள்ளி மைதானத்தில் 10 மீட்டர் கயிற்றைக் கொண்டு ஒரு வட்டம் போட்டுப் பார்த்தால், 68 மீட்டர் கயிற்றைத் தொய்யாமல் பிடித்துச் சுற்றுவது என்ன பாடு என்று தெரியும்.

அகழாய்வு முடிந்ததும் குழிகளை அப்படியே மூடிவிடவில்லை. எந்த இடத்தில் எந்தத் தூண் நின்றது என்று வருபவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, குழிகளைக் கான்கிரீட்டால் நிரப்பி அடையாளம் வைத்தார்கள். இன்றும் புல்தரையில் வெள்ளை வட்டங்கள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ஆயிரம் வருஷத்துக் கோட்டைக்குள் கான்கிரீட்டா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரு வரிசையைப் பிடித்து நடந்தால் ஒரு வீட்டைச் சுற்றி வந்துவிடலாமே!

நோர்லுண்டின் ஆட்கள் அத்தோடு நிற்கவில்லை. குழிகளை வைத்து ஒரு வீட்டையே கட்டிப் பார்த்தார்கள். 1942-ல் கோட்டைக்கு வெளியே அந்த வீடு எழுந்தது. தோண்டியபோது, ஒவ்வொரு வீட்டுச் சுவருக்கும் வெளியே, சற்றுத் தள்ளி, இன்னொரு வரிசைக் குழிகள் இருந்தன. இவை தாழ்வாரத்துத் தூண்களின் குழிகளாக இருக்கும் என்று எண்ணி, வீட்டைச் சுற்றி அழகான தாழ்வாரம் வைத்தார்கள்.

பிறகு 1950-களில், ஜட்லாந்தில் ஹோப்ரோ நகருக்குப் பக்கத்தில் ஃபிர்காட் என்ற இன்னொரு வட்டக்கோட்டையைத் தோண்டினார்கள். இந்தமுறை குழிகளை மேலிருந்து மட்டும் பார்க்காமல், பக்கவாட்டில் பாதியாக வெட்டியும் பார்த்தார்கள். வெளி வரிசைக் குழிகள் நேராக இறங்கவில்லை. சாய்ந்திருந்தன, அதுவும் சுவரை நோக்கி. தாழ்வாரத்துத் தூண் எதற்குச் சாய்ந்து நிற்கவேண்டும்? அவை சுவருக்குக் கொடுத்த முட்டுகள்!

முட்டு எதற்கு? இரண்டு அட்டைகளை உச்சி ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும்படி மேசைமேல் வையுங்கள். உச்சியில் விரலால் அழுத்துங்கள். அட்டைகளின் கால்கள் இரண்டு பக்கமும் விலகி ஓடும். சாய்வுக் கூரையும் தன் பாரத்தால் சுவரை இப்படித்தான் வெளியே தள்ளுகிறது. இந்த வீடுகளின் நடுக்கூடத்தில் கூரையைத் தாங்கத் தூண்கள் கிடையாது. முழுப் பாரமும் சுவர்மேல். வெளியிலிருந்து முட்டுக் கொடுக்காவிட்டால் சுவர் பிளந்துகொண்டு சாயும். ஃபிர்காட்டில் 1980-களில் கட்டிய மாதிரி வீட்டில் முட்டுகளைச் சாய்த்தே வைத்தார்கள். டிரெல்போர்க்கில் தாழ்வாரம் வைத்துக் கட்டிய பழைய வீட்டை இடித்துப்போடவில்லை. புது அருங்காட்சியகம் வந்தாலும் அந்தத் தப்பான வீடு இருக்கவேண்டும் என்பேன். அறிவியல் எப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று காட்ட அதைவிட நல்ல காட்சிப்பொருள் அங்கே இல்லை.

சரி, இவ்வளவு கணக்காகக் கட்டியது யார்? நெடுநாள் வரை எல்லோரும் ஒரு பதிலை நம்பினார்கள். டென்மார்க் அரசன் ஸ்வெய்ன் 1013-ல் இங்கிலாந்தைப் பிடித்தான். அவன் மகன் க்னூட்டும் பின்னர் இங்கிலாந்தை ஆண்டான். அந்தப் படையெடுப்புக்குப் படைவீரர்களைத் தங்கவைத்துப் பழக்கிய முகாம்தான் இது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பதிலைக் கவிழ்த்தவை சில மரத்துண்டுகள். மரம் மக்குவதற்குப் பூஞ்சையும் நுண்ணுயிரும் வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். எப்போதும் நீர் ஊறிய சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை. அதனால் டிரெல்போர்க்கின் ஈரமான இடங்களில் புதைந்த சில ஓக் மரத்துண்டுகள் தப்பித்திருந்தன. அவற்றின் ஆண்டு வளையங்களை எண்ணினார்கள்.

குளிர்நாட்டு மரம் வசந்தத்திலும் கோடையிலும் வளர்ந்து, குளிர்காலத்தில் தூங்கிவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒரு வளையம். (நம் ஊர் மரங்கள் பலவற்றில் இது தெளிவாகத் தெரியாது. தேக்கில் தெரியும்.) நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலம், வறண்ட ஆண்டில் ஒடுக்கம். ஒரு வட்டாரத்து ஓக் மரங்கள் எல்லாவற்றிலும் அகலம், ஒடுக்கம், ஒடுக்கம், அகலம் என்று ஒரே வரிசை பதிந்திருக்கும். இன்று வெட்டிய மரத்தில் தொடங்கி, பழைய வீட்டு உத்தரம், அதைவிடப் பழைய கப்பல் பலகை என்று ஒன்றின் மேல் ஒன்றாக வரிசையைப் பொருத்திக்கொண்டே பின்னோக்கிப் போனால், பல நூறு ஆண்டுகளுக்கு ஒரு நாள்காட்டி கிடைத்துவிடும். டிரெல்போர்க்கின் துண்டு அந்த நாள்காட்டியில் எங்கே பொருந்துகிறது என்று பார்க்கவேண்டியதுதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மரத்தின் நடுவைரம் மட்டும் கிடைத்தால், வெளியே எத்தனை வளையங்கள் செதுக்கப்பட்டுப் போயின என்று தெரியாது. பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி முழுதாக இருந்தால்தான் மரம் வெட்டப்பட்ட ஆண்டைச் சரியாகச் சொல்லமுடியும். இங்கே அது இருந்தது. கடைசி வளையம் முழுதாக வளர்ந்து முடிந்திருந்தது, அடுத்த வளையம் தொடங்கவில்லை. அதாவது மரம் தூங்கும்போது வெட்டியிருக்கிறார்கள். 1979-ல் முடிவு வெளியானது: மரங்களை வெட்டிய காலம் கி.பி. 980 இலையுதிர்காலத்துக்கும் 981 வசந்தத்துக்கும் இடையில்.

ஸ்வெய்ன் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முந்தைய கதை இது! அப்போது அரசனாக இருந்தவன் ஸ்வெய்னின் தந்தை ஹரால்ட். “நீலப்பல்” ஹரால்ட் என்பது அவனுடைய பட்டப்பெயர். ஆங்கிலத்தில் சொன்னால் ப்ளூடூத். ஆமாம், உங்கள் வீட்டுக் கைப்பேசியில் இருக்கும் அதே ப்ளூடூத்தான். 1990-களில் வேறு வேறு கருவிகளைக் கம்பியில்லாமல் இணைக்கும் நுட்பத்தை உருவாக்கிய பொறியாளர்கள், பிரிந்து கிடந்த மக்களை இணைத்த அரசன் என்று அவன் பெயரை வைத்தார்கள். அந்த நீல நிறக் குறியீடும் ஹரால்டின் பெயருக்கான இரண்டு ரூன் எழுத்துகளை ஒன்றாகச் சேர்த்து எழுதியதுதான்.

கோட்டையில் யார் குடியிருந்தார்கள் என்பதற்குப் பற்கள் பதில் சொல்லின. கோட்டையை ஒட்டிய இடுகாட்டில் 130-க்கும் மேற்பட்ட புதைகுழிகள் கிடைத்தன. அவற்றில் 48 பேருடைய எச்சங்களை எடுத்து ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தை அளந்தார்கள். பாறையில் இருக்கும் ஸ்ட்ரான்சியம் மண்ணுக்கும், மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து நம் உடம்புக்கும் வருகிறது. அதில் சில வகை அணுக்கள் சற்றுக் கனமாக, சில சற்று லேசாக இருக்கும். எந்த வகை எவ்வளவு என்பது பாறைக்குப் பாறை மாறும். பல்லின் எனாமல் சிறுவயதில் உருவாகிறது. பிறகு மாறுவதில்லை. எனவே நீங்கள் இருபது வயதில் எந்த ஊருக்குக் குடிபோனாலும், சிறுவயதில் சாப்பிட்ட ஊரின் மண் உங்கள் பல்லில் எழுதியிருக்கும்.

2011-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு வரலாற்றாசிரியர்களையே நிமிர்ந்து உட்கார வைத்தது. அங்கே புதைக்கப்பட்ட இளைஞர்களில் பெரும்பாலோர் வெளியூரில் வளர்ந்தவர்கள். நார்வேயிலிருந்தோ, பால்டிக் கடலின் தென்கரையில் வாழ்ந்த ஸ்லாவ் மக்களிடமிருந்தோ வந்திருக்கலாம். ஒரே குழியில் புதைக்கப்பட்டவர்கள்கூட வெவ்வேறு இடத்துக்காரர்கள். ஆய்வுக்கு எடுத்த மூன்று பெண்களும் கடல்கடந்து வந்தவர்கள். டென்மார்க் அரசனின் கோட்டையைக் காத்தது கூலிக்குச் சேர்ந்த அயலூர்ப் படை என்றே தோன்றுகிறது. தன் நாட்டு ஆட்களை ஹரால்ட் அவ்வளவாக நம்பவில்லையோ என்னவோ. கடைசியில் அவனுக்கு எதிராகக் கலகம் செய்தது அவன் மகன் ஸ்வெய்ன்தான். ஹரால்ட் 980-களின் நடுவில் இறந்துபோனான். கோட்டையில் பழுதுபார்த்த அடையாளம் ஏதும் இல்லை. மண்ணில் நேரடியாக நட்ட மரத்தூண், கவனிக்காமல் விட்டால் சில பத்தாண்டுகளில் அடி இற்றுவிடும். இத்தனை பாடுபட்டுக் கட்டியது சிறிது காலமே பயன்பட்டது.

மற்ற கோட்டைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அவற்றுள் பெரியது லிம் கடற்கழிக் கரையில் உள்ள அகெர்ஸ்போர்க். உள்ளே 240 மீட்டர் குறுக்களவு, 48 வீடுகள். நோன்னெபாக்கென் என்பது ஓடென்ஸ நகரத்துக் கட்டடங்களுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. ஐந்தாவதான போர்க்ரிங் கோபன்ஹேகனுக்குத் தெற்கே, கோகெ நகருக்குப் பக்கத்தில் உள்ளது. அது கோட்டை என்று உறுதியானது 2014-ல்தான்!

உழுது உழுது அதன் மதில் தரையோடு தேய்ந்துவிட்டது. விமானத்திலிருந்து லேசர் ஒளியை வீசி, அது திரும்பிவரும் நேரத்தை அளந்து தரையின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் முறைக்கு லைடார் என்று பெயர். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த வயலில் லேசான வட்ட மேட்டை லைடார் காட்டியது. பிறகு தரையின் காந்தப்புலத்தில் உள்ள சிறு மாற்றங்களை அளக்கும் கருவியை அங்கே கொண்டு நடந்தார்கள். தோண்டிய மண், எரிந்த மரம், பழைய அகழி எல்லாம் காந்தப்புலத்தைக் கொஞ்சம் மாற்றும். கணினித் திரையில் வட்டமும் வாசல்களும் வந்தன. எங்கே தோண்டவேண்டும் என்று அதை வைத்தே தீர்மானித்தார்கள். 2016-ல் கிழக்கு வாசலில் துருப்பிடித்த இரும்பு உருண்டை ஒன்று கிடைத்தது. உடைத்துப் பார்க்கவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோய், நோயாளியைப் படுக்கவைக்கும் சி.டி. ஸ்கேன் கருவியில் வைத்தார்கள். உள்ளே துளைக்கருவிகள், இடுக்கி முதலியவை தெரிந்தன. யாரோ ஒரு வைக்கிங் கைவினைஞரின் கருவிப்பெட்டி அது. மரப்பெட்டி மக்கிப்போய், உள்ளே இருந்த இரும்பு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

மீண்டும் டிரெல்போர்க்குக்கு வருவோம். 2008-ல் அங்கே ஈரமண்ணில் ஒரு மரக்கேடயம் கிடைத்தது. பைன் மரம். குறுக்களவு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். மரக்கேடயம் இப்படிக் கிடைப்பது அபூர்வம். இப்படிப்பட்ட மரத்தை வெளியே எடுத்தாலே ஆபத்து தொடங்கிவிடும். ஆயிரம் ஆண்டு ஊறிய மரத்தின் செல்களுக்குள் மரச்சத்து கரைந்து, அந்த இடத்தில் நீர் நிற்கிறது. வெயிலில் காயவைத்தால் நீர் ஆவியாகும்போது செல்கள் சுருங்கி நொறுங்கிவிடும். ஆகவே இத்தகைய மரத்தை ஈரத்திலேயே வைத்திருந்து, பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை நீருக்குப் பதிலாக மெல்ல மெல்ல உள்ளே ஏற்றுவார்கள். பிறகு உறையவைத்து, பனிக்கட்டி நீராகாமல் நேராக ஆவியாகும்படி செய்து உலர்த்துவார்கள். மாதக்கணக்கில், பெரிய மரமானால் ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலை. அருங்காட்சியகத்தில் ஒரு நொடி பார்த்துவிட்டுப் போகும் கறுத்த பலகைக்குப் பின்னால் ஒரு வேதியியல் கூடமே இருக்கிறது.

புது அருங்காட்சியகத்தை ஏன் கோட்டைக்குள்ளேயே கட்டக்கூடாது என்று கேட்பீர்கள். கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டவேண்டுமே! இத்தனை நேரம் பேசிய கதையெல்லாம் மண்ணின் நிறத்தில் இருந்தது. ஒரு பொக்லைன் அரைநாளில் அதைக் கலக்கிவிடும். அகழாய்வாளர் தோண்டினாலும் மண் கலையத்தான் செய்யும். அதனால்தான் அவர்கள் ஒவ்வொரு அங்குலத்தையும் வரைந்து, படம் எடுத்து வைக்கிறார்கள். தோண்டாமல் கொஞ்சம் விட்டும் வைக்கிறார்கள். நோர்லுண்டிடம் லைடார் இல்லை, ஸ்ட்ரான்சியம் கணக்கும் இல்லை. இன்னும் ஐம்பது ஆண்டில் என்ன கருவி வருமோ, அதற்கும் மண் மிச்சமிருக்க வேண்டாமா?

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுத் தோட்டத்திலோ, பள்ளியின் ஒரு மூலையிலோ பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒரு முழ ஆழத்துக்கு 8 குழிகளைத் தோண்டுங்கள். அவை ஒரு சின்ன வீட்டின் வடிவில் இருக்கட்டும். இரண்டு குழிகளை மட்டும் சாய்வாகத் தோண்டுங்கள். எல்லாவற்றையும் சாம்பல் கலந்த மண்ணால் மூடி, மேலே சாதாரண மண்ணைப் பரப்பிவிடுங்கள். நல்ல மழை ஒன்று பெய்யட்டும். பிறகு, இதைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு நண்பரிடம் கரண்டியைக் கொடுத்து, “இங்கே ஒரு வீடு இருந்தது, கண்டுபிடி பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். எத்தனை குழிகளைக் கண்டுபிடித்தார், சாய்ந்த இரண்டையும் கவனித்தாரா என்று படம் வரைந்து எங்களுக்கு அனுப்புங்கள்.